சதுர லைட்டு பென்ஸுக்கு எந்த பல்பு?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் இரவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டவுனின் கடைசித் தெருவிளக்கைத் தாண்டிவிட்டால் அப்புறம் நம் கார் லைட்டுதான் நமக்குத் துணை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒடுங்கிய தார்ச்சாலை. காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். பின்விளக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் புல்லுக்கட்டோடு யாராவது முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். மழை விட்ட இரவென்றால் தார்ச்சூட்டுக்காக மாடுகள் சாலையிலேயே படுத்துக்கிடக்கும். இப்படிப்பட்ட சாலையில் என் 1983 மெர்சிடிஸ் 230ஈ கோயில் பிரகாரத்து அகல்விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்துகொண்டு போகும். எதிரே வருகிறவருக்கு நான் வருவது தெரியும், எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

வாரத்தில் மூன்று இரவுகள் தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு இதே சாலையில்தான் திரும்புகிறேன். ஒரு மாட்டின் முதுகை மயிரிழையில் தவறவிட்ட இரவுக்குப் பிறகு, சரி, பல்பை மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் ஆனது. கடையில் கிடைக்கும் வகைகளில் பாதியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது பழைய கார் வைத்திருப்பவர்கள் டீக்கடையில் பார்த்தால் முதலில் கேட்பது, “சார், என்ன பல்பு போட்டிருக்கீங்க?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. பென்ஸ்காரர்கள் டபிள்யூ123 என்று சொல்லும் இந்த வகை 1976 முதல் 1985 வரை வந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள். நம் ஊர்ப் பக்கம் டாக்டர், வக்கீல், தோட்டத்துத் துரை ஆகியோரின் கார். என்னுடையதும் ஒரு கிளினிக் டாக்டர் வீட்டிலிருந்து வந்ததுதான். 1982 வரை 200, 230 போன்ற சாதாரண வகைகளுக்கு ஒரு பெரிய உருண்டை, பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை என்று லைட்டு இருக்கும். 280 மாதிரி மேல் வகைகளுக்கும் இரண்டு கதவு கூப்பேக்களுக்கும்தான் அகலமான சதுரக் கண்ணாடி. 1982 செப்டம்பருக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் சதுரம்.

இது ஏன் முக்கியம் என்றால், பல்பு வாங்கக் கிளம்பும் முன் லைட்டின் பின்மூடியைக் கழற்றி உள்ளே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சதுர லைட்டில் இருப்பது எச்4. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், டிம்முக்கு 55 வாட், ஹைபீமுக்கு 60 வாட். அடிப்பக்க வளையத்தில் மூன்று காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒன்று மட்டும் அகலம். பழைய உருண்டை லைட்டுகள் சிலவற்றில் ஆலோஜனுக்கு முந்தைய ஆர்2 பல்பு இருக்கும். அது 45க்கு 40 வாட். அடிவட்டும் வேறு அளவு: எச்4க்கு 43 மில்லிமீட்டர், ஆர்2க்கு 45. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்லி நீட்டுவதை வாங்கி வந்து, உட்காராததைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான், அவசரக்காரர்.

இனி கடை அலமாரிக்கு வருவோம்.

நூறு வாட் பல்பை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 100க்கு 90 வாட் எச்4 இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒர்க்‌ஷாப் பையன் ஆசையோடு சொன்னான், “சார், நூறு வாட் போடுங்க, பகல் மாதிரி அடிக்கும்.” கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 100 வாட் என்றால் 8.3 ஆம்பியர். என் காரில் லைட்டுக்கு உள்ள ஃபியூஸ் 8 ஆம்பியர். ஃபியூஸ் போனால்கூடப் பரவாயில்லை, இருட்டில் நிற்போம், அவ்வளவுதான். பெரிய ஃபியூஸைப் போட்டு ஏமாற்றினால் நாற்பது வருட வயர் சூடேறும், பிளக் உருகும், லைட்டின் உள்பூச்சு கருகும். வேண்டாம்.

நீலப் பல்புகளும் அப்படித்தான். கண்ணாடிமேல் நீலம் பூசி, செனான் மாதிரி வெள்ளையாக எரியும் என்று விற்கிறார்கள். பூச்சு செய்கிற வேலை மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டித் தள்ளுவது மட்டும்தான். வெளிச்சம் கூடாது, குறையும். அக்டோபர், நவம்பர் மழையில் ஈரத் தார் மேல் அந்த நீல வெளிச்சம் விழுந்தால், சாலை முழுக்க மை கொட்டியது போல் ஆகிவிடும். பகலில் நிறுத்தி வைத்துப் படம் எடுக்க அழகு.

எல்இடி கதை கொஞ்சம் நீளம். எனக்கே அதில் ஆசை இருந்தது. மின்சாரம் குறைவு, பழைய வயருக்குச் சுமை இல்லை, நீண்ட நாள் வரும் என்றெல்லாம் நினைத்தேன். பெயர் தெரியாத ஒரு ஜோடியை வாங்கி மாட்டினேன். முதல் இரவு வீட்டு வாசலில் நின்று பார்த்து அசந்துபோனேன். எதிர்வீட்டுச் சுவர் பளீர் என்று வெள்ளை. மனைவி வெளியே வந்து, “கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்றாள்.

சாலைக்குப் போனதும் சாயம் வெளுத்தது. காருக்கு முன்னால் பத்து மீட்டர் பால் கொட்டியது போல் வெள்ளை, அதற்கு அப்பால் இருட்டு. கிட்டத்து வெள்ளையில் கண் சுருங்கிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் கெட்டியாகிவிடும். பழம் ஏற்றி வரும் லாரிகள் ஒவ்வொன்றும் எனக்கு லைட் அடித்துக் காட்டின. நான் டிம்மில்தான் இருக்கிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

காரணம் பல்பின் தரம் மட்டும் இல்லை. எச்4 பல்பின் டிம் இழை ஒரு அரிசி நீளம்தான் இருக்கும். அதன் அடியில் குட்டிக் கரண்டி போல ஒரு தகடு. கீழே போகும் வெளிச்சத்தை அந்தத் தகடு மறைத்துவிடும், மேலே போவது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டுச் சாலைக்கு இறங்கும். கண்ணாடியில் இருக்கும் கோடுகளும் கட்டங்களும் அந்த ஒரு அரிசி நீள இழைக்காகக் கணக்குப் போட்டுச் செதுக்கியவை. எல்இடியில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள் இருக்கும், நடுவில் அலுமினியத் தடிப்பு. இழை இருக்க வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே வெளிச்சம் வேறு எங்கோ போகும்.

இன்னும் இரண்டு தொல்லைகள். பின்னால் விசிறி நீட்டிக்கொண்டிருந்ததால் லைட்டின் பின்மூடி மூடவில்லை, மழைக்காலத்தில் உள்ளே ஆவி படிந்தது. லைட்டைப் போட்டதும் மின்னல் எஃப்எம்மில் பாட்டோடு சேர்ந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். எல்இடிக்குள் இருக்கும் மின்சுற்று செய்கிற வேலை அது. மூன்றாவது வாரம் கழற்றிவிட்டேன்.

“ஜெர்மனியில் எல்இடி பல்பு சட்டப்படி செல்லும்” என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்புக்கு முதன்முதலாக அங்கே அனுமதி கிடைத்தது, பிறகு மற்ற வகைகளும் வந்தன. ஆனால் அந்த அனுமதி காரைப் பார்த்து வருவது. எந்தெந்தக் காரின் லைட்டில் சோதித்தார்களோ அவற்றுக்கு மட்டும் ஒரு பட்டியல் உண்டு. நாம் ஆன்லைனில் முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே கண் கூசும் லைட்டுக்கு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, சம்மன் எழுதும். காரைப் பெயர் மாற்றி விற்கப் போனால் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தில் லைட்டையும் பார்ப்பார்கள். விற்கிற எண்ணம் எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

ஆகக் கடைசியில் மிஞ்சுவது இரண்டுதான்: சாதாரண 60க்கு 55 ஆலோஜன், அல்லது அதே வாட்டில் வரும் ‘கூடுதல் வெளிச்ச’ ஆலோஜன்.

கூடுதல் வெளிச்ச வகையின் அட்டைப்பெட்டியில் “150 சதவீதம் அதிகம்” என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘வரை’ என்றும், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது என்றும் இருக்கும். சாலையின் ஒரு பகுதியில் விழும் வெளிச்சத்தைத்தான் அப்படி அளக்கிறார்கள். பல்பு மொத்தமாகத் தரும் வெளிச்சத்துக்கு ஐநா விதி கட்டுப்பாடு போட்டிருக்கிறது. 13.2 வோல்ட்டில் டிம்முக்கு 1000 லூமன், ஹைபீமுக்கு 1650, இதில் கூடக் குறைய 15 சதவீதம். சாதாரணப் பல்பும் இந்த எல்லைக்குள்தான், விலை கூடிய பல்பும் இதே எல்லைக்குள்தான். பிறகு எப்படி வெளிச்சம் கூடுகிறது? இழையை மெலிதாக, நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரிய விடுகிறார்கள். ஒளிரும் புள்ளி சிறியதாகவும் கூர்மையாகவும் இருப்பதால் வெளிச்சம் தூரத்தில் குவிந்து விழும். இது ஏமாற்று இல்லை, போட்டுப் பார்த்தேன், பக்கத்து ஊரான லாசா போகும் சாலையின் வளைவுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

ஆனால் மெலிந்த இழைக்கு ஆயுசு குறைவு, தோட்டத்துச் செம்மண் பாதையின் குழிகளும் அதற்கு ஆகாது. நான் வாங்கிய ஜோடி 120 வெள்ளிக்கு மேல். ஒன்று ஏழாவது மாதமே போய்விட்டது. சாதாரண ஜோடி 24 வெள்ளி.

இந்த இடத்தில் எனக்கும் ஈப்போவில் இருக்கும் என் நண்பருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவரிடம் 1979 வண்டி, உருண்டை லைட்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வெளியே எடுப்பார், இருட்டில் ஓட்டுவது எப்போதாவது. அவரைப் பொறுத்தவரை விலை கூடிய பல்புதான் சரி, ஆயுசு குறைவு என்பது அவருக்கு ஒரு குறையே இல்லை. நான் லைட்டை வாரத்துக்கு நாலு மணி நேரமாவது எரிக்கிறேன், வருடத்துக்கு 200 மணி நேரம். எனக்குச் சாதாரணம் போதும். இரண்டு பேருமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் நான் மேலே சொன்ன எதுவும் என் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. தீர்த்தது வோல்ட் அளக்கும் 15 வெள்ளி மீட்டர்.

ஏழாவது மாதம் பல்பு போன அன்று, எரிச்சலில் ஒர்க்‌ஷாப் முதலாளி தவுக்கேயிடம் போய் நின்றேன். அவர் பல்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியில் மீட்டர் கம்பிகளை வைத்தார்: 13.8. பிறகு பல்பு பிளக்கின் பின்னால் குத்தினார்: 11.4. கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருடமாகத் தொட்டியில் ஓட்டை இருக்க, நான் குழாயை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆலோஜன் பல்புக்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை, பல மடங்காகக் குறையும். ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கு என்பது கணக்கு. பத்து சதவீதம் வோல்ட் போனால் முப்பது சதவீதம் வெளிச்சம் போகும். 11.4 என்றால் பல்பு கொடுக்க வேண்டியதில் பத்துக்கு ஆறு பங்குதான் கிடைக்கும், அதுவும் மஞ்சளாக. அகல்விளக்கின் ரகசியம் இதுதான்.

இந்த வகை பென்ஸில் லைட்டுக்கு ரிலே கிடையாது, அதாவது சின்னச் சைகையை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் தனி சுவிட்சு கிடையாது. மொத்த மின்சாரமும் டேஷ்போர்டில் திருகும் சுவிட்சுக்குள் போய், ஸ்டியரிங் பக்கத்துக் கைப்பிடிக்குள் போய், ஃபியூஸ் பெட்டிக்கு வந்து, அப்புறம்தான் பல்புக்குப் போகும். நாற்பது வருடத்தில் ஒவ்வொரு முனையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதில் ஃபியூஸ்தான் பெரிய திருடன். தோட்டா மாதிரி, பீங்கான் உடம்பில் ஒரு உலோகப் பட்டை சுற்றிய ஃபியூஸ். வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு 16. தவுக்கே ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அலுமினியப் பட்டையின் முனையில் வெண்சாம்பல் போல ஒரு பூச்சு. நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சீக்கிரம் வரும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செம்புப் பட்டை உள்ள ஃபியூஸ்களைப் போட்டார், பிடிக்கும் நாக்குகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். அந்த ஒரு வேலைக்கே 11.4 என்பது 12.1 ஆனது.

பிறகு ரிலே. எச்4 பிளக்குகளோடு தயாராகவே வயர் செட் கிடைக்கிறது. பழைய பிளக் இனி ரிலேக்குச் சைகை மட்டும் கொடுக்கும். பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரில் தனி ஃபியூஸோடு வரும். டிம்முக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று. எர்த் வயரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு துளை போடத் தேவையில்லை, வயர் வெட்டத் தேவையில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம். பழைய காரின் சுத்தம் கெடக்கூடாது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்குக் கூலியோடு நூறு வெள்ளிக்குள் முடிந்தது. மீட்டரில் 13.1. இதற்கும் ஒரு விலை உண்டு: வோல்ட் கூடினால் பல்பின் ஆயுசு குறையும், ஐந்து சதவீதம் கூடினாலே கிட்டத்தட்ட பாதி. 24 வெள்ளி பல்பு என்பதால் எனக்கு வலிக்கவில்லை.

அன்று இரவு அதே 24 வெள்ளிப் பல்பில் லிந்தாங் சாலையில் போனேன். வளைவுக்கு முன்னாலேயே வளைவு தெரிந்தது. செம்பனை மட்டைகளின் அடிப்பக்கம் வரை தெரிந்தது. ஒரு மாட்டின் கண்கள் தூரத்தில் பச்சையாக மின்னின, நிதானமாக வேகத்தைக் குறைத்தேன்.

லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வலப்பக்க ரிஃப்ளெக்டர் மங்கலாக இருக்கிறதே என்று பனியன் துணியால் உள்ளே துடைத்தேன். அந்த வெள்ளி நிறப் பூச்சு மூச்சுக்காற்றின் தடிமன்கூட இருக்காது. துணியோடு வந்துவிட்டது. ஆகவே, உள்ளே கை வைக்காதீர்கள், தூசி இருந்தால் காற்றால் ஊதுங்கள், அவ்வளவுதான். மாற்று லைட் தேடி ஆன்லைனில் ஐரோப்பாவிலிருந்து ஒன்று வரவழைத்தேன், அசல் பாஷ். மாட்டிப் பார்த்தால் எதிரே வருகிறவர் கண்ணிலேயே அடிக்கிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், வெளிச்சமும் வலப்பக்கம்தான் மேலே ஏறும். பல்பு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், லைட்டுதான் வேறு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடியில் ஒரு அம்புக்குறி இருக்கும். காருக்கு முன்னால் நின்று பார்த்தால் அது உங்கள் வலப்பக்கம் காட்டும். அம்பே இல்லை என்றால் அது நமக்கு ஆகாது. கடைசியில் ஒரு ஹாஃப்-கட் கடையில், பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் இடத்தில், சரியானது கிடைத்தது. கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல், எனக்கு அது பரவாயில்லை.

பல்பு வாங்கும்போதும் உலோக வளையத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) முத்திரையும் பக்கத்தில் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்ராம், பிலிப்ஸ், நார்வா, இவற்றில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி வெடித்துவிடக்கூடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாட்டிய பிறகு குறி பார்க்க வேண்டும். நான் தமிழ்ப்பள்ளி மதில்சுவருக்கு எதிரே செய்தேன், வாட்ச்மேன் அண்ணன் டார்ச் பிடித்தார். சமதளத்தில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் சாய்வாக மேலே ஏற வேண்டும். வலப்பக்க லைட் அரை சாண் உயரத்தில் நின்றது. திருகாணியை இரண்டு சுற்று இறக்கியதும் கோட்டில் வந்து உட்கார்ந்தது.

ஈப்போ நண்பர் போன வாரம் தன் உருண்டை லைட்டைத் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தார். உள்ளே ஆர்2, 45க்கு 40 வாட். அதே அடிவட்டில் 60க்கு 55 வாட் ஆலோஜன் கிடைக்கிறது, போடலாமா என்று கேட்டார். “மீட்டர் இருக்கா?” என்றேன்.